மஞ்சள் மண்ணும் கிரயப் பத்திரமும்: பட்டறை மூடிய பின் பொறுப்பு யாருக்கு?

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

வாலாஜாபேட்டையை அடுத்து ஒன்றரை ஏக்கர் நிலம் விலைக்கு வருகிறது. அதில் பதினெட்டு ஆண்டுகள் குரோம் முலாம் பூசும் பட்டறை நடந்து, பிறகு மூடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை. பின்பக்க மதிலோரம் மட்டும் மண் மஞ்சளாக இருக்கிறது, மழை பெய்தால் தேங்கும் நீரும் மஞ்சளாகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், வாங்குகிற எங்களுக்கு எந்தப் பொறுப்பும் வராது என்கிறார் தரகர். சரிதானா?

3 ஆகஸ்ட், இரவு

தரகர் சட்டத்தின் முதல் வரியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1985 டிசம்பர் 4 அன்று டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்ததை ஒட்டிய வழக்கில், 1986 டிசம்பர் 20 அன்று நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழிலைச் செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் அதனால் விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பு ஒன்று இடம் கொடுத்திருந்த விதிவிலக்குகள் இந்தியாவில் செல்லாது என்பதும் அன்றே முடிவானது. ஆகவே மண்ணைக் கெடுத்தது யாரோ, அவருடைய பொறுப்பு அது. இதில் ஐயம் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய மறுநாள் பக்கத்துக் கிணற்றுக்காரர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதினால், அதிகாரி முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பதே கேள்வி. அவர் பட்டாவைப் பார்ப்பார், அதில் உங்கள் பெயர் இருக்கும். நீங்கள் கெடுக்கவில்லை என்பதை மெய்ப்பிக்கும் வேலையும் அதற்கான செலவும் உங்கள் தலையில் விழும். வில்லங்கச் சான்று பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். அடமானம் இருந்தால் அதில் தெரியும். குரோமியம் இருந்தால் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியக் குறைபாட்டை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்கக் கூடிய குறைபாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மஞ்சள் மண்ணை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள், பார்த்ததாக இங்கே எழுதியும் விட்டீர்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

4 ஆகஸ்ட்

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக எவ்வளவு காலம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு மாதம். அதற்குள் போக வேண்டும்.

5 ஆகஸ்ட், காலை

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும், அவசரத்தில் பாதியை மட்டும் சொல்லிவிட்டேன். 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் இரண்டு காலவரம்புகள் உள்ளன. 14ஆம் பிரிவின்படி சுற்றுச்சூழல் தொடர்பான பிணக்கைத் தீர்க்கக் கேட்பதற்கு ஆறு மாதம். 15ஆம் பிரிவின்படி இழப்பீடும், கெட்ட இடத்தை மீட்டெடுக்கும் ஆணையும் கேட்பதற்கு ஐந்து ஆண்டுகள். இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை கிடைக்கும். மண்ணும் கிணறும் கெட்டுப் போனவர்களுக்கு உரியது இரண்டாவது. ஆனால் அந்த ஐந்து ஆண்டும் காரணம் முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ‘முதன்முதலாக’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு மணிக்கணக்கில் வாதாடும். ஆகவே கிணற்று நீர் எந்த மாதம் நிறம் மாறியது, எப்போது வாரியத்துக்கு எழுதினீர்கள், ஒப்புகை அட்டை எங்கே என்பவற்றை இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

5 ஆகஸ்ட், இரவு

‘தீர்ப்பு இருக்கிறதே, பிறகு என்ன கவலை’ என்று இங்கே மூன்று பேர் எழுதியிருப்பதால் பிச்ரி வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராஜஸ்தானில் உதயப்பூர் மாவட்டத்துக் கிராமம் பிச்ரி. 1988இல் அங்கே ஒரு நிறுவனம், சாயத் தொழிலுக்கு வேண்டிய ஹெச் அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. மேலைநாடுகள் பலவும் கைகழுவிவிட்ட தயாரிப்பு அது. உற்பத்தி நடந்தது சில காலந்தான், கிடைத்த அமிலம் சுமார் 375 டன்னே. ஆனால் அதற்காகப் பிறந்த நச்சுக் கசடு 2,400 டன்னுக்கு மேல். ஒரு டன் சரக்குக்கு ஆறு டன்னுக்கும் மேற்பட்ட கசடு என்பதைக் கொஞ்சம் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். அந்தக் கசட்டை வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் திறந்த வெளியில் கொட்டினார்கள், மழைநீர் அதை நிலத்தடிக்கு இறக்கியது. சுற்றுவட்டாரத்தில் அறுபது கிணறுகளின் நீர் கெட்டது, 350 ஹெக்டேர் நிலம் பாதிக்கப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கசட்டின் மேல் மண்ணைப் போட்டு மூடிப் பார்த்தார்கள்.

1996 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஆணியடித்து நிறுத்தியது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3, 5 ஆகிய பிரிவுகளின் கீழ், மத்திய அரசே இடத்தைத் தூய்மைப்படுத்தி அந்தச் செலவை ஆலைக்காரரிடம் வசூலிக்கலாம் என்பதும் அதில் உறுதியானது. நிர்ணயிக்கப்பட்ட தொகை 37.385 கோடி ரூபாய்.

பிறகு நடந்ததைத்தான் தரகர் உங்களுக்குச் சொல்லவில்லை. பணம் வரவில்லை. மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டு ஆலைத்தரப்பு பதினைந்து ஆண்டுகளை ஓட்டியது. 2011 ஜூலை 18 அன்று நீதிபதிகள் தல்வீர் பண்டாரியும் தத்துவும், 1997 நவம்பர் 4இலிருந்து 12 விழுக்காடு கூட்டு வட்டியோடு கட்ட வேண்டும் என்றும், வழக்குச் செலவாக மேலும் பத்து லட்சம் தர வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். ஆண்டுக்கொருமுறை வட்டியைக் கூட்டினால் அந்தத் தொகை தீர்ப்பு நாளிலேயே 175 கோடியைத் தாண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த வட்டியை நான் மிகவும் மதிக்கிறேன். இழுத்தடிப்பதால் லாபம் கிடைக்கும் வரை எந்த ஆலையும் இழுத்தடிக்கத்தான் செய்யும். அந்த லாபத்தை வட்டி ஒன்றுதான் பறிக்கிறது. ஆனாலும், 1988இல் கெட்ட கிணற்றுக்கு 2011இல் வட்டி விதித்தால் அதற்கிடையில் அந்தக் கிணற்றை நம்பியிருந்த குடும்பம் என்ன குடித்திருக்கும்?

6 ஆகஸ்ட்

ஒரு சிறு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் 37.385 கோடியை 1996 தீர்ப்பே நிர்ணயித்தது போலத் தோன்றும். பொறுப்பை உறுதி செய்தது 1996 தீர்ப்பு. தொகையைக் குறித்தது 1997 நவம்பர் 4 அன்று பிறந்த ஆணை, வட்டி அந்த நாளிலிருந்து ஓடுவதும் அதனால்தான்.

9 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் தாமே ஒரு பாட்டிலில் நீர் பிடித்துச் சோதனைக்குக் கொடுக்கப் போவதாகத் தனியே எழுதியிருந்தார். தயவு செய்து பொறுங்கள். இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வழக்கறிஞராகப் பதிவு செய்து நான்காவது ஆண்டு. பாலாற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரில் ஒரு விவசாயி, பக்கத்துப் பட்டறைக் கழிவால் தம் கிணறு கெட்டதாக வந்தார். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். நானே நேரில் போனேன். வாளியில் இறைத்த நீரை அவர் மனைவி வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கடலை எண்ணெய் போல மெல்லிய மஞ்சள். கிண்ணத்தின் விளிம்போரம் வெளிறி, நடுவில் அடர்ந்திருந்தது. கடையில் வாங்கிய குடிநீர்ப் பாட்டிலைக் காலி செய்து அதில் நீர் பிடித்தேன். உலோகம் பார்க்க வேண்டுமென்றால் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்ததால், அதையும் விட்டேன். மூன்றாம் நாள் ஆய்வகத்தில் கொடுத்து, குரோமியத்தின் நச்சு வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் பார்க்கச் சொன்னேன். ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று முடிவு வந்தது.

மொத்தக் குரோமியத்தைப் பார்க்க அமிலம் விடுவது சரி. ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு அமிலம் விடவே கூடாது. விட்டால் நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து அது வேறு நிலைக்கு மாறிப் போகலாம். அதைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். இரண்டு விதியையும் நான் மீறியிருந்தேன். அந்தக் காகிதம் எதிர்த்தரப்பின் கைக்குப் போய், எங்களுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. அன்று மாலை அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தண்ணி மஞ்சளாத்தான தம்பி இருக்குது, அத ஏன் காயிதம் சொல்லமாட்டேங்குது?”

சட்டப்படி இன்னொரு குறையும் இருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, சட்ட நடவடிக்கையில் ஆய்வு முடிவு சான்றாக ஏற்கப்பட வேண்டுமானால், அதிகாரம் பெற்ற அலுவலர் ஆலைக்காரருக்கு உடனே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, புட்டியை முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். தனியாள் பிடித்த பாட்டில் அதில் நிற்காது. பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் அங்கே நம் மாதிரியையும் தாக்கல் செய்யலாம். அதைக் காட்டி வாரியமே மாதிரி எடுக்குமாறு ஆணை கேட்பதுதான் அதன் உண்மையான பயன்.

10 ஆகஸ்ட்

குடிநீருக்கு எவ்வளவு குரோமியம் வரை அனுமதி என்று கேட்டவருக்கு: இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லை என்பதற்காக இதில் தளர்வு கிடையாது.

14 ஆகஸ்ட்

பட்டறையை நடத்திய நிறுவனமே கலைந்துவிட்டது என்று புதிய தகவல் வந்திருக்கிறது. எந்த வகை நிறுவனம் என்று பாருங்கள். கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் நல்லது. கூட்டாளிகள் இருந்த காலத்தில் நிறுவனம் செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள், கலைத்துவிட்டதால் பழைய பொறுப்பு தீராது. பிரைவேட் லிமிடெட் என்றால் வழி கடினம். நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அந்த ஆளிடம் சொத்து இல்லையென்றால் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரிடம் போவது?

இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் தோல் பதனிடுவோருக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் மலைபோலக் கிடந்தது. ஆலை போய்விட்டது, உரிமையாளர் போய்விட்டார்; மழை மட்டும் ஆண்டு தவறாமல் வந்தது. ஆய்வறிக்கைகளுக்கும் திட்ட மதிப்பீடுகளுக்கும் அங்கே பஞ்சமே இருந்ததில்லை. அவ்வழியே போகும்போதெல்லாம், கழிவு குவிந்துகொண்டிருந்த ஆண்டுகளில், லாபம் வந்துகொண்டிருந்தபோதே, அகற்றும் செலவை ஒரு வைப்புத்தொகையாக வாங்கி வைக்க ஒருவருக்கும் தோன்றாமல் போனதே என்ற ஆற்றாமை எனக்கு எழும். பொறுப்பை உயிரோடு இருக்கும் நிறுவனத்தின் மீதுதான் சுமத்த முடியும்.

15 ஆகஸ்ட்

நேற்றைய கடைசி வரி அதிகம் என்று ஒரு மூத்த வழக்கறிஞர் கண்டித்திருக்கிறார். அவர் சொல்வது நியாயம். நிறுவனம் இறந்தாலும் அரசின் கடமை இறப்பதில்லை. வேலூர் மக்கள் நல அமைப்பு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவர் செலவேற்கும் கொள்கையையும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அறிவித்தது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் மட்டும் 467 கிணறுகளில் 350 தோல் ஆலைக் கழிவால் கெட்டுவிட்டதை அந்தத் தீர்ப்பிலேயே படிக்கலாம். அதன் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், இன்னும் இழப்பீடு பெறாத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தோல் ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பாதிக்கப்பட்டவரை வசூலுக்காகக் காத்திருக்க வைக்காத இந்த வரிசையைத்தான் எல்லா வழக்கிலும் கேட்க வேண்டும். இடையில் கழிந்தது இருபத்தெட்டு ஆண்டுகள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

21 ஆகஸ்ட்

‘தூய்மைப்படுத்தித் தருகிறேன்’ என்று விற்பவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறாராம். எந்த அளவுக்கு என்று கேளுங்கள். எண் இல்லாமல் ‘தூய்மை’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

கொடைக்கானல் வழக்கைப் பாருங்கள். அங்கே 1983இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் இருந்ததை ஊர்மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. இவ்வளவும் நடந்த பிறகும் மண் அங்கேயே இருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவை வாரியம் ஏற்றது. பாம்பார் சோலையை ஒட்டிய காட்டு மண்ணுக்கு இது போதாது, இன்னும் மிகக் கடுமையான அளவு வேண்டும் என்று போராடியவர்கள் வாதாடினார்கள். யார் பொறுப்பு என்பதில் அங்கே குழப்பமே இல்லை. பல ஆண்டுச் சண்டை முழுவதும் அந்த ஓர் எண்ணைப் பற்றியது, ஏனென்றால் எண் ஏற ஏறத் தோண்ட வேண்டிய மண் குறையும், செலவும் குறையும். உங்கள் ஒப்பந்தத்திலும் எந்த உலோகம், எத்தனை அடி ஆழம் வரை, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், யார் சோதித்துச் சான்று தருவது என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

22 ஆகஸ்ட்

அகற்றிய கசடு எங்கே போனது என்பதற்கும் தாள் வேண்டும். முலாம் பட்டறைக் கசடு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி பொதுக் கிடங்குக்குப் போனதற்கான படிவம் 10, ஆண்டறிக்கையான படிவம் 4, வாரியத்தின் அங்கீகாரம் ஆகியவற்றை விற்பவரிடம் கேளுங்கள். பதினெட்டு ஆண்டுகள் பட்டறை நடத்தியவரிடம் ஒரு படிவம் 10 கூட இல்லையென்றால் கசடு எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே மதிலோரம் பார்த்திருக்கிறீர்கள்.

30 ஆகஸ்ட்

வரைவுக் கிரயப் பத்திரத்தை அனுப்பியிருந்தார்கள். ‘நிலத்தின் தன்மையை நேரில் கண்டு திருப்தியடைந்து வாங்குகிறேன், பின்னால் எக்காரணம் கொண்டும் விற்பவரைக் கேட்கமாட்டேன்’ என்று ஒரு வரி நுழைந்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதே வகையான வரி 1953இல் அமெரிக்காவில் நயாகரா அருவி நகரத்தில் எழுதப்பட்டது. ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்து மூடிய லவ் கால்வாய் நிலத்தை, பள்ளிக்கூட வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. புதைந்திருப்பதால் என்ன நேர்ந்தாலும் எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டது. அங்கே பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது. 1980இல் அந்நாட்டில் பிறந்த சூப்பர் ஃபண்ட் சட்டம், கழிவைக் கொட்டிய காலத்து உரிமையாளர், கொண்டு போனவர், கொட்ட ஏற்பாடு செய்தவர் ஆகியோரோடு இன்றைய உரிமையாளரையும் பொறுப்பாளிகள் பட்டியலில் சேர்த்தது. ஹூக்கரின் வாரிசு நிறுவனமான ஆக்ஸிடென்டல் 1995இல் 129 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அரசின் முன் அந்த ஒரு டாலர் பத்திரம் அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே அந்த வரிக்கு வலு உண்டு. உங்கள் வழக்கு அந்த இடத்தில்தான் வரும்.

2 செப்டம்பர்

கடந்த ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கொருமுறை பட்டியலிட வேண்டும், 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வு நடக்க வேண்டும், பொறுப்பானவரைக் கண்டறிந்து செலவை வாங்க வேண்டும், அவரால் முடியாதபோது மத்திய மாநில அரசுகள் ஏற்க வேண்டும் என்கிறது. ராணிப்பேட்டைக் குவியல் போன்றவற்றுக்கு இப்படியொரு விதி முன்பே இருந்திருக்க வேண்டும். உங்கள் மதிலோரம் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிலத்தை வாங்காவிட்டாலும் கொடுங்கள்.

6 செப்டம்பர்

விற்பவர் விலையில் நான்கு லட்சம் குறைக்கத் தயாராம், அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நான்கு லட்சம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் கிணறு வைத்திருப்பவருக்கு அதில் ஒரு பைசாவும் சேராது, அவர் தண்ணீரும் மாறாது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆய்வகத்து ஆளோடு வருகிறேன். அமிலம் விட்ட புட்டி தனி, விடாத புட்டி தனி, பனிக்கட்டிப் பெட்டி ஒன்று. மதிலோர மண்ணை அரை அடியிலும் மூன்று அடியிலும் எடுப்போம். பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் இன்றே சொல்லி வையுங்கள்; அவர் கிணற்று நீரையும் அவர் எதிரிலேயே எடுத்து, புட்டியின் மேல் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.